பஸ் எப்போது வரும் என்று சொல்லும் கணக்கு யாருடைய சொத்து? (வாசகர் கேள்வி - பதில்)

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வண்டியும் சாலையும் ஏ.ஐ.யும்தான். ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேண்டுகோள். பலர் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறீர்கள். கண்டுபிடிப்புக்குக் கிடைப்பதும் அதுதான், நிரலுக்கும் படத்துக்கும் கிடைப்பதும் அதுதான் என்றால் பதில் எழுதுகிறவன் பாடு திண்டாட்டம். அதனால் இங்கே காப்புரிமை என்றால் பேட்டன்ட். காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்று எழுதுகிறேன். வணிக ரகசியம் என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, யாரும் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஆனால் ஏ.ஐ. விஷயத்தில் பெரும்பாலான வேலையை அதுதான் பார்க்கிறது.

பஸ் நிறுத்தத்துக்கு வண்டி இன்னும் எத்தனை நிமிடத்தில் வரும் என்று கணிக்கும் அல்காரிதம் ஒன்றை எழுதியிருக்கிறேன். ஜி.பி.எஸ். தரவு, பழைய தாமதங்கள், மழை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. இதற்குக் காப்புரிமை கிடைக்குமா? (கணினி அறிவியல் மாணவர்)

அல்காரிதத்துக்கு மட்டும் என்றால் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், அல்காரிதம் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பு என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் 2014-ல் வந்த ஆலிஸ் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, வெறும் கருத்து ஒன்றை எடுத்துக் கணினியில் ஓட்டிவிட்டேன் என்று சொன்னால் போதாது. ஐரோப்பாவில் 'தொழில்நுட்பத் தன்மை' இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் விஷயத்துக்கு ரொம்ப நெருக்கமான வழக்கு ஒன்று அங்கேதான் வந்தது: ரயில் நிலையம் போன்ற கட்டடத்துக்குள் கூட்டம் எப்படி நகரும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டிருந்தார்கள். 2021 மார்ச்சில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் உச்ச மேல்முறையீட்டு வாரியம் சொன்னதன் சாரம் இதுதான்: கணினியில் ஒத்திகை பார்ப்பது என்பதற்காக ஒதுக்கிவிட மாட்டோம், மற்ற மென்பொருளுக்கு உள்ள அதே உரைகல்தான், ஆனால் கணக்குப் போட்டுக் காட்டியது மட்டுமே தொழில்நுட்ப விளைவு ஆகிவிடாது.

உங்களுக்கு இதில் என்ன பாடம் என்றால், கணிப்பு திரையில் 'இன்னும் 4 நிமிடம்' என்ற எண்ணாகவே நின்றுவிட்டால் கஷ்டம். அதே கணிப்பு அடுத்த சந்திப்பின் சிக்னலோடு பேசி, தாமதமாக வரும் பஸ்ஸுக்காகப் பச்சையைச் சில வினாடி நீட்டுகிறது என்று வையுங்கள், அல்லது மின்சார பஸ் டெப்போவுக்கு வரும் நேரத்தை வைத்துச் சார்ஜரின் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது என்று வையுங்கள், கதை மாறுகிறது. அந்தக் கணக்கு வெளியே எதை அசைக்கிறது என்பதை விண்ணப்பத்தில் விலாவாரியாக எழுத வேண்டும். எத்தனை அடுக்கு நியூரல் நெட்வொர்க் என்பதையே பக்கம் பக்கமாக எழுதி என்னிடம் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, கல்லூரிக் கருத்தரங்கில் பேசிவிட்டீர்களா, நிரல்களைப் பொதுவில் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டுவிட்டீர்களா? அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கே ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பாவில் அப்படி எதுவும் இல்லை. வெளியே சொன்ன அன்றே புதுமை போய்விட்டது. இரண்டாவது, இதே துறையில் மற்றவர்கள் கையிலும் காப்புரிமை இருக்கும். வண்டி வரும் நேரத்தை அறிவிப்பது பற்றிய காப்புரிமைகளை வைத்துக்கொண்டு அரைவல்ஸ்டார் என்ற நிறுவனம் அமெரிக்காவில் நகரப் போக்குவரத்து அமைப்புகள் பலவற்றின் மேல் வரிசையாக வழக்குப் போட்டது. 2013-ல் அமெரிக்கப் பொதுப் போக்குவரத்துச் சங்கம் திருப்பி வழக்குப் போட்ட பிறகுதான், இனிச் சங்கத்தின் உறுப்பினர்கள் பக்கம் வர மாட்டோம் என்று சமரசத்துக்கு வந்தது. பஸ் எப்போது வரும் என்று பயணிக்குச் சொன்னதற்காக ஒரு மாநகரம் வக்கீல் வைக்க வேண்டியிருந்தது, யோசித்துப் பாருங்கள்.

சிக்னல் நேரங்களை மாற்றியமைக்கும் ஒரு புது முறையை முழுக்க ஏ.ஐ.யே சொன்னது. கண்டுபிடிப்பாளர் என்று அதன் பெயரைப் போடலாமா?

போட முடியாது. ஸ்டீபன் தாலர் என்பவர் டாபஸ் என்ற தன் ஏ.ஐ.யின் பெயரில் இரண்டு கண்டுபிடிப்புகளுக்கு நாடு நாடாக விண்ணப்பித்துப் பார்த்துவிட்டார்; அதில் ஒன்று, ஆபத்தில் கவனத்தை ஈர்க்கும் ஒளிவிளக்கு. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-லும் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரிலும் கண்டுபிடிப்பாளர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று முடித்துவிட்டன. தென்னாப்பிரிக்கா 2021-ல் கொடுத்தது, அங்கே உள்ளடக்கத்தைப் பரிசோதிக்கும் வழக்கம் அப்போது இல்லை. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: பிரச்சினையை எப்படி வகுத்தீர்கள், எந்த விடையை ஏன் தள்ளினீர்கள், எதைச் சாலையில் சோதித்துத் திருத்தினீர்கள் என்று தேதியோடு குறிப்பு வையுங்கள். "பொத்தானை அழுத்தினேன், வந்தது" என்பதுதான் உண்மை என்றால் அங்கே உரிமை கோர ஆளே இல்லை.

லாரிகளை வகை பிரித்து எண்ணும் கேமரா மென்பொருள் செய்திருக்கிறோம். மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நிறுவனம். ஏ.ஐ. மாடல் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது, பயிற்சிக்கான படங்களும் இலவசம்தான். வாங்க வந்த நிறுவனத்தின் வக்கீல் லைசென்ஸ் பட்டியல் கேட்கிறார். இலவசத்துக்கு எதற்கு லைசென்ஸ்?

அந்த வக்கீல் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். எனக்கு வருகிற சிக்கல்களில் பாதி இந்த 'இலவசம்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது.

கிட்டி என்ற தரவுத்தொகுப்பை எடுத்துக்கொள்வோம், இந்தத் துறையில் அதைத் தொடாதவர் குறைவு. ஜெர்மனியில் உள்ள கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகமும் சிகாகோவில் உள்ள டொயோட்டா தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து, கார் மேல் கேமராவும் லைடாரும் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) பொருத்திச் சாலையில் ஓட்டிச் சேர்த்து 2012-ல் வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்தின் அடியில் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் படித்தால் மூன்று நிபந்தனை இருக்கும்: பெயர் சொல்ல வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, இதிலிருந்து எதையாவது உருவாக்கி வெளியிட்டால் அதையும் இதே நிபந்தனையில்தான் தர வேண்டும். நடுவில் உள்ளதுதான் உங்களைக் கடிக்கப் போகிறது. நியூசீன்ஸ் தொகுப்பும் அப்படித்தான், வேமோ (கூகுளின் தானியங்கி கார் திட்டத்திலிருந்து பிறந்த நிறுவனம்) 2019-ல் திறந்துவிட்ட தொகுப்பும் வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல. பெயரிலேயே 'ஓப்பன்' என்று இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்தது மாடல். வண்டியை அடையாளம் காண, படத்தில் உள்ள பொருள்களைக் கண்டறியும் யோலோ வகை மாடல்தான் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அல்ட்ராலிட்டிக்ஸ் வெளியிடும் யோலோ பதிப்புகள் ஏ.ஜி.பி.எல். 3.0 உரிமத்தில் வருகின்றன. அந்த உரிமத்தின் விசேஷம், மென்பொருளை விற்காமல், உங்கள் சர்வரில் திருத்தி வைத்துக்கொண்டு இணையம் வழியாகச் சேவையாக மட்டும் கொடுத்தாலும், பயன்படுத்துகிறவர்களுக்கு மூல நிரலைத் தர வேண்டிய கடமை வருகிறது. வேண்டாம் என்றால் அவர்களிடமே வணிக உரிமம் காசு கொடுத்து வாங்கலாம். இரண்டில் ஒன்று, "நாங்கள் பைலைப் பெயர் மாற்றி வைத்திருக்கிறோம்" என்பது மூன்றாவது வழி கிடையாது (ஒருவர் உண்மையிலேயே என்னிடம் இப்படிச் சொன்னார், அதுவும் பெருமையாக).

'பயிற்சி முடிந்த பிறகு மாடலுக்குள் அந்தப் படங்கள் இல்லையே, வெறும் எண்கள்தானே' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் அந்த வாதத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. ஜப்பான் 2018-ல் சட்டத்தைத் திருத்தித் தரவுப் பகுப்பாய்வுக்கு வழி விட்டது, சிங்கப்பூர் 2021-ல் புதுச் சட்டமே கொண்டுவந்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2019 நெறிமுறையில் அனுமதித்தாலும், உரிமையாளர் முறைப்படி 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் வணிக நிறுவனங்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும். ஆனால் நீங்கள் இறக்கும்போது ஒரு நிபந்தனையை ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்தியிருந்தால் அது தனி விவகாரம், ஒப்பந்தம். அதோடு, வாங்க வந்தவரின் வக்கீல் இந்த வாதத்தில் யார் ஜெயிப்பார் என்று பார்க்க ஆசைப்பட மாட்டார், வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வார்.

ஆக வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு தாளில் ஒவ்வொரு தரவுத்தொகுப்புக்கும் ஒரு வரி போடுங்கள்: பெயர், பதிப்பு, இறக்கிய தேதி, அன்று இருந்த உரிமத்தின் நகல். உரிமப் பக்கங்கள் மாறும், அதனால் நகல் முக்கியம். வணிகத்துக்குக் கூடாது என்று உள்ளதைக் கழித்துவிட்டு, நீங்களே எடுத்த படங்களை வைத்து மாடலை மறுபடி பயிற்றுங்கள். துல்லியம் கொஞ்சம் குறையும்தான். சொந்தப் படங்களில் வண்டி எண்ணும் முகமும் விழும், அது தனியுரிமைச் சட்டத்தின் பக்கம். அதற்கு இன்னொரு நாள் வருவோம்.

தானியங்கி வாகன நிறுவனத்தில் நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போகிறேன். நான் எழுதிய நிரல்தானே, ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் என்ன?

எடுக்காதீர்கள். பென் டிரைவைத் தொடவே தொடாதீர்கள். இந்தத் துறையின் மிகப் பிரபலமான வழக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஆன்டனி லெவண்டோவ்ஸ்கி கூகுளின் தானியங்கி கார் திட்டத்தை விட்டுப் போவதற்கு முன் 14,000-க்கும் மேற்பட்ட பைல்களை, சுமார் 9.7 ஜி.பி., இறக்கிக்கொண்டார் என்பது 2017 பிப்ரவரியில் வேமோ போட்ட வழக்கின் குற்றச்சாட்டு. அவர் தொடங்கிய நிறுவனத்தை அதற்குள் ஊபர் வாங்கியிருந்தது. விஷயம் வெளியே வந்த விதம்தான் வேடிக்கை: லைடார் பாகங்கள் செய்து தரும் ஒரு சப்ளையர், ஊபரின் சர்க்யூட் போர்டு வரைபடம் இணைத்த மின்னஞ்சலில் வேமோ ஊழியர் ஒருவரையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டார். பார்த்தால் நம்முடைய வரைபடம் மாதிரியே இருக்கிறதே என்று ஆரம்பித்தது, 2018 பிப்ரவரியில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஊபர் தன் பங்குகளில் 0.34 விழுக்காட்டை, அன்றைய மதிப்பில் சுமார் 24.5 கோடி டாலரை, கொடுத்துச் சமரசம் ஆனது. லெவண்டோவ்ஸ்கி தனியாகக் குற்றவியல் வழக்கைச் சந்தித்து, ஒரு ரகசியத் திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2020-ல் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2021 ஜனவரியில் டிரம்ப் பதவியை விட்டுப் போகிற நேரத்தில் மன்னிப்பு கொடுத்ததால் தப்பித்தார். உங்களுக்கு அப்படி யாரும் தரப்போவதில்லை.

வணிக ரகசியத்துக்குப் பதிவும் இல்லை, சான்றிதழும் இல்லை. அறிவுசார் சொத்து பற்றிய உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் உடன்படிக்கையின் 39-வது பிரிவு கேட்பது மூன்றுதான்: வெளியே தெரியாததாக இருக்க வேண்டும், தெரியாமல் இருப்பதாலேயே மதிப்பு இருக்க வேண்டும், ரகசியமாக வைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற மாடலின் வெயிட்ஸ் (பயிற்சியில் அது கற்றுக்கொண்ட எண்கள்), சாலையில் அபூர்வமாக நேரும் சிக்கலான சம்பவங்களின் பட்டியல், எந்தச் சோதனை ஏன் தோற்றது என்ற குறிப்பு எல்லாம் இதில் அடங்கிவிடும். அந்தத் தோல்விக் குறிப்புகள்தான் பல நேரம் அதிக விலை பெறும். உங்கள் தலையில் உள்ள பொதுவான திறமை உங்களுடையது, அதை யாரும் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. மற்றபடி, வேலையில் எழுதிய நிரலின் பதிப்புரிமை பெரும்பாலான நாடுகளில் முதலாளிக்குத்தான்.

நான் கார் ஓட்டுகிறேன். என் பிரேக், என் வழி, என் வேகம் எல்லாம் ஆப் வழியாகப் போய் அவர்களுடைய ஏ.ஐ.க்குப் பாடமாகிறது. அதில் எனக்குப் பங்கு இல்லையா?

நியாயமான ஆதங்கம். ஆனால் நேரடியாகச் சொன்னால், நீங்கள் எத்தனை மணிக்கு எங்கே பிரேக் போட்டீர்கள் என்பது ஒரு உண்மை நிகழ்வு; உண்மை நிகழ்வுக்குப் பதிப்புரிமை கிடையாது, உங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. அவர்கள் கையில் இருப்பது, சர்வரும் நீங்கள் படிக்காமல் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளும்.

சொத்துரிமை வழியில் கதவு இல்லாவிட்டாலும் வேறு வழியில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில், ஊபர், ஓலா ஓட்டுநர்கள் போட்ட வழக்குகளில், தானியங்கி முடிவுகள் எந்த அடிப்படையில் எடுக்கப்படுகின்றன என்று ஓட்டுநருக்கு விளக்க வேண்டும் என்றது. 'அது எங்கள் வணிக ரகசியம்' என்ற பதில் அங்கே எடுபடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம் இன்னொரு படி போகிறது: இணைய இணைப்புள்ள வண்டி உண்டாக்கும் தரவை, வண்டியை வைத்திருப்பவர் கேட்டால் நிறுவனம் கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் மெக்கானிக்குக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ அனுப்பவும் வேண்டும். அந்தத் தரவின் மேல் 'தரவுத்தள உரிமை' (தரவைத் திரட்டித் தொகுத்தவருக்கு ஐரோப்பாவில் உள்ள தனி உரிமை) கொண்டாடவும் முடியாது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். பணமாகப் பங்கு கேட்பது மட்டும் இன்னமும் சங்கம் வைத்து, பேரம் பேசி, ஒப்பந்தத்தில் வாங்க வேண்டிய விஷயம்.

பொதுப் போக்குவரத்து அமைப்பில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். ஏ.ஐ. நிறுவனம் தரும் ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

'மேம்பாடு' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். அந்த நிறுவனம் கொண்டுவரும் மாடல் அவர்களுடையது, சரி. உங்கள் டிக்கெட் தரவையும் வண்டித் தரவையும் ஓராண்டு தின்று தேறிய மாடல் யாருடையது? பெரும்பாலான வரைவுகளில் எல்லா மேம்பாடும் விற்பவருக்கே என்று ஒரே வரியில் போயிருக்கும், 40 பக்கத்தில் அந்த ஒரு வரி. முழு உரிமை கேட்டால் விலை ஏறும், கேட்கவும் வேண்டாம். ஒப்பந்தம் முடிந்தபின் உங்கள் தரவில் தேறிய பதிப்பை நீங்களோ உங்களுக்காக வேறொருவரோ ஓட்டும் உரிமம், தரவு முழுவதையும் பொது வடிவத்தில் திரும்பப் பெறும் உரிமை, நிறுவனம் மூடினால் மூல நிரலும் வெயிட்ஸும் கிடைக்க மூன்றாம் நபரிடம் ஒப்படைப்பு, வேறு யாராவது காப்புரிமை மீறல் என்று உங்கள் மேல் வழக்குப் போட்டால் அதை விற்றவரே ஏற்கும் உறுதி. இந்த நான்கையும் விட்டுக்கொடுக்காதீர்கள். விபத்து விசாரணை வந்தால் பதிவுகளைத் தர மறுக்கக் கூடாது என்றும் எழுதி வாங்குங்கள்.

கால அட்டவணையை இணையதளத்திலிருந்து எடுத்து என் மாடலுக்குக் கொடுத்தால் தப்பா?

வண்டி 7.40-க்குக் கிளம்புகிறது என்பது உண்மைத் தகவல். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-லேயே தொலைபேசிப் புத்தக வழக்கில், உழைத்துத் தொகுத்தேன் என்பதற்காகத் தகவலுக்குப் பதிப்புரிமை வராது என்றது. ஐரோப்பாவில் தரவுத்தள உரிமை என்று தனியாக இருப்பதால் கொஞ்சம் பார்த்து நடக்க வேண்டும். கால அட்டவணைகளுக்கான ஜி.டி.எப்.எஸ். என்ற பொதுத் தரவு வடிவத்தில் வெளியிட்டிருந்தால் அதையே எடுங்கள், அதன் உரிம வரியையும் சேர்த்து. வரைபடம் மட்டும் வேறு கதை: வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை உண்டு. பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வே தன் வரைபடத்தில் ஒளித்து வைத்திருந்த சின்னச் சின்ன அடையாளங்களை வைத்தே நகலைப் பிடித்தது, 2001-ல் மோட்டார் வாகனச் சங்கம் ஒன்று 2 கோடி பவுண்டு கொடுத்து முடித்துக்கொண்டது.

வண்டிக்குள் இருக்கும் மென்பொருளைத் திறந்து பார்ப்பதே குற்றம் என்கிறார்களே, அப்புறம் தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவில் டிஜிட்டல் பூட்டை உடைப்பதைப் பதிப்புரிமைச் சட்டமே தடுக்கிறது. வாகன மென்பொருளுக்கு விலக்கு வேண்டும் என்று 2015-ல் கேட்டபோது, எதிர்த்தவர்களில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஒன்று. மக்கள் எஞ்சினை மாற்றிப் புகையைக் கூட்டிவிடுவார்கள் என்று ஜூலையில் கடிதம் எழுதியது. செப்டம்பரில், பரிசோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை வோக்ஸ்வாகன் தன் கார்களுக்குள் வைத்திருந்ததை அதே முகமை அறிவித்தது! அக்டோபரில் பழுதுபார்ப்புக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கும் விலக்கு கிடைத்தது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். நீதிமன்றத்தில் வணிக ரகசியம் என்பது பூட்டிய அறையில் நிபுணருக்கு மட்டும் காட்டு என்று கேட்கத்தான் உதவும். காட்டவே மாட்டேன் என்று சொல்லப் பொதுவாக உதவாது.

டெஸ்லா காப்புரிமைகளை எல்லோருக்கும் திறந்துவிட்டதாமே, எடுத்துக்கொள்ளலாமா?

வால்வோ 1959-ல் மூன்று புள்ளி சீட் பெல்ட்டைத் திறந்துவிட்ட மாதிரி என்று நினைத்தால் தப்பு. டெஸ்லா 2014-ல் சொன்னது, 'நல்லெண்ணத்தோடு' பயன்படுத்துகிறவர்கள் மேல் வழக்குப் போட மாட்டோம் என்று. அந்த ஒரு சொல்லுக்கு அவர்கள் பிறகு கொடுத்த விளக்கத்தில், டெஸ்லா மேல் எந்த அறிவுசார் சொத்து வழக்கும் போடக் கூடாது, மின்சார வாகனத் தொழில்நுட்பத்துக்காக வேறு யார் மேலும் காப்புரிமை வழக்குப் போடக் கூடாது, டெஸ்லாவின் காப்புரிமையை எதிர்த்தும் நிற்கக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. உங்கள் கையில் ஒரு காப்புரிமைகூட இல்லை என்றால் பெரிதாக இழக்க ஒன்றுமில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் அந்தப் பக்கத்தை அச்சடித்து, ஒரு வக்கீலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.